பனிச்சங்காயும் வலைஞர் கையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், வாழைச்சேனையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்பவர் சில பெயர்ப்பலகைகளைக் காண்பர். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணியில் முடியும் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதற்கப்பால் வாகரை, அதற்கும் அப்பால் கதிரவெளி, வெருகல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டற்காடு சூழ்ந்த களப்பு. நடுவே ஒரு கீற்றுப்போல் நிலம். பனிச்சங்கேணியில் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் களப்பு நீரும் கடல் நீரும் ஒன்றையொன்று தேடி வருவது கண்ணுக்குத் தெரியும்.

கேணி என்பது சிறு நீர்நிலை. மாங்கேணிக்கு மாமரம் பெயர் தந்ததுபோலப் பனிச்சங்கேணிக்குப் பனிச்சை மரம் பெயர் தந்தது என்று கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. மட்டக்களப்பு நகரை அடுத்துப் பனிச்சையடி என்றும் ஓரிடம் உண்டு. ஊருக்கு மரத்தின் பெயர் வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஆலும் அரசும் புளியும் நாவலும் எத்தனையோ ஊர்களுக்குப் பெயராகி நிற்கின்றன. ஆனால் அவற்றுள் பலவும் நிழல் தந்ததனாலோ கனி தந்ததனாலோ தெய்வம் உறைந்ததனாலோ நினைக்கப்பட்டவை. பனிச்சை அத்தகையதன்று. அதன் கனி உண்ணத்தக்கதேயெனினும் விரும்பி உண்பார் அரியர். அதன் பெருமையெல்லாம் பழுக்காத காயில் இருந்தது. அக்காய் ஒரு தொழிலுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தொழிலைப் பற்றியும், அதனை ஒட்டி அன்றாட வேலையின் நிறைவு என்பது எதில் இருக்கின்றது என்பதைப் பற்றியும் இன்று சிறிது பேச நினைக்கின்றேன்.

பனிச்சை நீர்க்கரையை விரும்பும் மரம். என்றும் பசுமை மாறாதது, இலை கரும்பச்சை, பட்டை கறுத்தது. காய் சிறிய தோடம்பழம் அளவில் உருண்டையாக, துருநிறத் துகள் படிந்ததுபோல் இருக்கும். அதை வெட்டினால் பசைபோன்ற சாறு கசியும். கையில் பட்டால் சிறிது நேரத்தில் கறுக்கும். எளிதில் கழுவவும் போகாது. நாவில் பட்டால் நா மடங்காது, அவ்வளவு துவர்ப்பு. தாவர நூலார் இதனைக் கருங்காலியின் இனத்தோடு சேர்த்திருக்கின்றனர். அரசமாளிகைகளின் நாற்காலியாகிய கருங்காலியும், பீடி சுற்றும் இலையைத் தரும் மரமும், பனிச்சையும் ஒரே பேரினத்துப் பிறப்பு என்பது எண்ணிப் பார்க்க வேடிக்கையானது.

துவர்ப்புக்குக் காரணமான பொருளைத் தனின் என்பர். தோல் பதனிடுவோர் மரப்பட்டையிலிருந்து பெறுவதும் இதுவே. வலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நைலோன் வருமுன் வலைகளெல்லாம் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் முடியப்பட்டன. கரைவலையின் நீண்ட கைகளுக்குத் தென்னந்தும்புக் கயிறு. இவையெல்லாம் தாவர நார். நீரில் நனைந்த நாரைப் பற்றீரியா எனும் நுண்ணுயிர்கள் தின்னும். களப்பின் வெதுவெதுப்பான நீரிலோ அவற்றுக்குக் கொண்டாட்டம். பதமிடாத பருத்தி வலை ஒன்றைத் தொடர்ந்து நீரில் இட்டு வந்தால், சில வாரங்களுக்குள் அது கையோடு கிழிந்து வரும். மாதக் கணக்காக இருந்து முடிந்த வலை, குடும்பத்தின் முழு முதலீடு, மீனால் அன்றி நீராலேயே அழிந்துபோகும்.

இதனைத் தடுக்கத்தான் பனிச்சங்காய். முற்றுமுன் காயைப் பறித்து, உரலில் இட்டு இடித்து, நீரில் ஊறவைப்பர். சாறு இறங்கியபின் வடித்தெடுத்து, அதில் வலையைத் தோய்த்து, கழிகளின் மேல் விரித்து உலர்த்துவர். பின்னும் தோய்த்து, பின்னும் உலர்த்துவர். வெண்ணூல் செம்மண் நிறமாகி, அப்பால் கபிலமாகி, கடைசியில் ஏறக்குறையக் கருமையாகும். நூல் விறைக்கும், உப்பு எளிதில் ஏறாது, நுண்ணுயிரும் எளிதில் தீண்டாது. ஒரு முறை செய்தால் போதாது. கடலிலும் களப்பிலும் சாயம் கரையுமாதலால் மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். சாறு மிகத் தடித்தால் நூல் முறுகி ஒடியும். மிக நீர்த்தால் பயனில்லை. எந்தப் பதத்தில் நிறுத்துவது என்பதை அளவுகோல் கொண்டு சொல்ல இயலாது. விரலிடையே சாற்றைத் தேய்த்துப் பார்த்துச் சொல்லவேண்டும். காய் கிடைக்காத இடத்தில் கண்டற்பட்டையை அவித்தும் இதே வேலையைச் செய்தனர்.

இந்த அறிவு கிழக்கிலங்கைக்கு மட்டும் உரியது என்று நான் சொல்லவரவில்லை. வங்காளத்தின் ஆற்றோரங்களில் இதே மரத்தைக் காப் என்பர். அதன் சாற்றால் வலையையும் பதமிட்டனர், படகின் அடிப்பலகையையும் பூசினர். யப்பானியர் தம் நாட்டில் விளையும் இனமரத்துக் காயின் சாற்றைக் காக்கிஷிபு என்று அழைத்து, வலைக்கும் காகிதக் குடைக்கும் மரப்பொருளுக்கும் பூசிவந்தனர். இங்கிலாந்தின் மீனவர் முதலில் கருவாலி மரப்பட்டையை அவித்தனர்; பின்னர் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்ற காசுக்கட்டியைப் பெருங்கொப்பரைகளில் கரைத்து வலைகளை முக்கினர். நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான். ஆங்கிலேயரின் பழைய பாய்க்கப்பற் படங்களில் காணும் செங்கபிலப் பாய்களின் நிறமும் இத்தகைய பதத்தால் வந்ததே. ஒருவரையொருவர் கண்டிராத வலைஞர்கள், ஒரே இடர்க்கு ஒரே மருந்தைத் தத்தம் கரையில் நின்று கண்டுபிடித்திருக்கின்றனர். இவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மட்டக்களப்பு மாவட்டத்தை அறிய விரும்புவோர்க்குச் சிறந்த நூல்கள் உள்ளன. எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட விவரணமும், பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும் அவற்றுள் தலையாயவை. குடிகளும் கோயில்களும் வயல்களும் வழக்காறுகளும் அறியவேண்டுவோர் அங்கே செல்லலாம். நான் இங்கே கேட்பது ஒரு சிறு கேள்வி: பனிச்சங்காய் இடித்த ஒருவருக்குத் தம் வேலையில் மனநிறைவு இருந்திருக்குமா? கை கறுக்கும், நாற்றம் உண்டு, மீன் பிடித்தவனுக்குக் கிடைக்கும் பெயர் வலைக்குப் பதமிட்டவனுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு நேரே விடை சொல்லாமல் வேறொரு செய்தியைச் சொல்கின்றேன். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1848இல் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுவதாகச் சொல்லக் கேட்டு, இரவில் தோணியேறிச் சென்றார். அழைத்துச் சென்றோர் மீனவர். எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை அவர்களே அறிந்திருந்தனர். நீரிலிருந்து நுண்ணொலிகள் பல எழக் கேட்டார் ரெனன்ற். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பன்மடங்காயிற்று. 1859இல் வெளிவந்த தம் பெருநூலில் இதனை எழுதிவைத்தார். ஒலிசெய்வது ஒருவகை ஊரி என்று மீனவர் சொன்னதையும், அதற்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும், தம் செவிக்குப் பட்டவாறு ஆங்கில எழுத்தில் பதிந்தார். மட்டக்களப்பின் பாடும் மீன் உலகப் புகழ் பெற்றதில் அந்த நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

ரெனன்றின் புகழை நான் குறைக்கவில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதியவர். எனினும் அவர் ஓர் இரவில் கேட்டதை, வாவியில் தொழில் செய்தோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்தனர். அவர்கள் இசை கேட்கப் போகவில்லை. இறாலுக்கும் மணலைக்கும் போனார்கள். போன இடத்தில் செவி திறந்திருந்தது. அன்றாடத் தொழிலில் ஊன்றியவனுக்கு உலகம் தானே வந்து சில செய்திகளைச் சொல்லும்.

வீச்சுவலைக்காரன் ஒருவனைப் பாருங்கள். முழங்காலளவு நீரில் நிற்பான். வலையின் ஒரு பகுதி முழங்கைமேல், ஒரு பகுதி தோளில், ஓரத்தின் ஈயமணி ஒன்று பற்களிடையே. நெடுநேரம் ஒன்றும் செய்யாததுபோல் நிற்பான். உண்மையில் அவன் நீரைப் படிக்கின்றான். காற்று எழுப்பும் நெளிவு வேறு, மணலைக் கூட்டம் எழுப்பும் நெளிவு வேறு. கச்சான் காற்று வீசும் நாளில் மீன் எந்தக் கரையில் ஒதுங்கும், மாரிவெள்ளம் முகத்துவாரத்தை உடைத்தபின் எந்த ஓடையில் ஏறும், கொடுவா எந்த வேர்க்கூட்டத்தில் பதுங்கும், நிலவு எழுமுன் இறால் எங்கே துள்ளும் என்பனவெல்லாம் அவன் கணக்கில் உண்டு. பின்பு உடல் ஒருமுறை திரும்பும். வலை வானில் வட்டமாக விரிந்து நீரில் விழும். கரையில் நின்று பார்ப்பவர் அந்த வீச்சை வியப்பர். வியக்கவேண்டியது அதற்கு முந்திய நிற்றலை.

கரைவலை இதற்கு நேர்மாறு, அது கூட்டுத்தொழில். ஒரு தோணி கடலுக்குள் அரைவட்டமாக வலையை இறக்கிவரும். இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரு அணியாகப் பலர் நின்று இழுப்பர். பிடிபட்டது பங்காகும். வலைக்குப் பங்கு, தோணிக்குப் பங்கு, இழுத்தவர்க்குப் பங்கு. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவரும் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்து இத்தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். கூலி வாங்குபவன் நாள் முடிவை நோக்கியிருப்பான். பங்குக்காரன் வலையின் மடியை நோக்கியிருப்பான். இரண்டும் உழைப்பே. ஆனால் கயிற்றைப் பிடித்திருக்கும் கையில் வேறுபாடு இருக்கும்.

வயலுக்கு வந்தாலும் இதே கதைதான். மட்டக்களப்பு வயல்களில் சூடு மிதிக்கும் களவெட்டியில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களால் பேசும் வழக்கம் இருந்தது. நெல்லுக்கும் மாட்டுக்கும் கருவிகளுக்கும் களவெட்டிக்கென்றே தனிப்பெயர்கள். ‘பொலி, பொலி’ என்ற குரல் இரவெல்லாம் கேட்கும். களத்தில் கால் வைத்தவன் கூலியாளாயினும் அந்த மொழியை அறிந்தவனாதலால், அங்கே அவன் வெளியான் அல்லன்.

ஆயினும், நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்றாடத் தொழிலில் நிறைவுண்டு என்ற பேச்சு, தொழில் செய்யாதவர் வாயில் மிக எளிதாக வருவது. போடியாரின் வயலில் வேலைசெய்த வயற்காரன் பல வேளைகளில் பட்ட கடனுக்கே உழைத்தான். பறை அறைபவர்க்கும் ஆடை வெளுப்பவர்க்கும் அவர்தம் தொழில் பிறப்பால் விதிக்கப்பட்டிருந்தது. விடவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கோயில் விழாவில் அவர்க்கும் ஓர் உரிமை உண்டு என்று பெருமையாக எழுதுவோர் உளர். மறுக்க இயலாத உரிமைக்குக் கடமை என்று பெயர். அத்தகைய இடத்தில் நிறைவைப் பற்றிப் பேசுவது தாலாட்டுப் பாடுவது போலாகும். ஆகவே நான் சொல்லும் நிறைவுக்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்றே எண்ணுகின்றேன். செய்பவனின் தீர்ப்புக்கு அத்தொழிலில் இடமிருக்கவேண்டும். பயனில் அவனுக்குப் பங்கிருக்கவேண்டும். அதை விட்டு வேறொன்றை நாடும் வழியும் அடைபடாதிருக்கவேண்டும்.

மூன்றாவதற்கு இந்தக் கரையே சான்று தருகின்றது. மட்டக்களப்புக்கு வடக்கேயிருந்து திருகோணமலை வரை, இந்தக் கடலோரத்தில் கரையோர வேடர் எனப்படுவோர் வாழ்ந்துவருகின்றனர். 1911இல் வேடரைப் பற்றி விரிவான ஆங்கில நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், இவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினர். காட்டில் வேட்டையாடித் தேன் எடுத்தோரின் வழிவந்தவர், கடற்கரையில் தமிழ் பேசி, மீன் பிடித்து, சேனை செய்து வாழ்வதை அவர்கள் கண்டனர். தம் முன்னோர் உள்நாட்டிலிருந்து வந்தவர் என்ற நினைவு இவர்களிடம் இருந்தது. வில்லை வைத்துவிட்டு வலையை எடுத்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஆராய்ச்சியாளர் சிலர் வீழ்ச்சியாகவே எழுதுவர். தூய வேடர் அருகிவிட்டனர் என்று வருந்துவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலங்கின் தடத்தை நிலத்தில் படித்த கண், மீனின் தடத்தை நீரில் படிக்கக் கற்றது. அது இழப்பா, ஆக்கமா என்பதை அந்தக் கண்ணுக்குரியவரே சொல்லவேண்டும்.

இனி, பனிச்சங்காய்க்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 1935இல் அமெரிக்காவில் உலாஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்தில் நைலோன் உருவாயிற்று. முதலில் பல்துலக்கும் தூரிகைக்கும் பெண்டிர் காலுறைக்கும் பயன்பட்டது; போர்க்காலத்தில் வான்குடைக்குப் போயிற்று; போர் முடிந்தபின் வலைக்கு வந்தது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் ஏறக்குறைய ஒருங்கே பரவத் தொடங்கின. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனமும் அமைந்தது. நைலோனைப் பற்றீரியா தின்பதில்லை. காயவைக்க வேண்டுவதில்லை; தோய்க்க வேண்டுவதில்லை. நனைந்த வலையைத் தோணியிலேயே போட்டுவிட்டு உறங்கப் போகலாம். நூல் மெல்லியது, வலியது, நீரில் மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. எந்த வலைஞன் அதனை வேண்டாமென்பான்? நானாயிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பனிச்சை மரம் தன் வேலையை இழந்தது. அதனோடு உரலும் தொட்டியும் போயின. வலை உலர்த்தும் கழிகள் போயின. பதம் பார்க்கும் விரல்கள் போயின. அத்தொழில் பெரும்பாலும் கடலுக்குப் போகாதோர் கையில் நடந்தது. தோணி ஏறும் வலிமை குன்றிய முதியவர்க்கும், வீட்டை விட்டகல முடியாதவர்க்கும் மீன்பிடியில் ஓர் இடம் கொடுத்துவந்தது அது. பதமிடவேண்டாத வலை வந்தபோது, அவர்தம் நேரம் மிஞ்சிற்று. அவர்தம் இடம் போயிற்று. ஒரு கருவி வந்து ஒரு தொழிலை ஒழிக்கும்போது நாம் எப்போதும் மீன் எத்தனை கூடிற்று என்றே எண்ணுகின்றோம்.

நைலோனின் மற்றொரு பக்கம் பிறகே தெரிந்தது. பருத்தி வலை கடலில் தொலைந்தால் சில மாதங்களில் மக்கிப் போகும். நைலோன் வலை தொலைந்தால் தொலைந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். எந்த மக்குதலை எதிர்த்துப் பனிச்சங்காய் இத்தனை நூற்றாண்டு போராடிற்றோ, அந்த மக்குதலே கடலுக்குக் காவலாகவும் இருந்திருக்கின்றது.

அதே காலத்தில்தான் இப்பகுதியில் வேறு வகை வேலை ஒன்றும் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் முயற்சியால் திட்டமிடப்பட்ட வாழைச்சேனைக் காகித ஆலை 1956இல் இயங்கத் தொடங்கிற்று. பனிச்சங்கேணியிலிருந்து தெற்கே சில கட்டைத் தொலைவு. அங்கே மூலப்பொருளாகக் கொள்ளப்பட்டது இலுக்கம்புல்லும் வைக்கோலும். சூடு மிதித்தபின் கொளுத்திவிடும் வைக்கோல் விலைக்குப் போகும் என்று முன்னொருநாள் சொல்லியிருந்தால் உழவர் சிரித்திருப்பர். மண்வெட்டி பிடித்த கை இயந்திரத்தின் விசையைப் பிடித்தது. மாதச் சம்பளம், சேமலாப நிதி, முறைவேலை, சங்கொலி என்பன ஊர்ப் பேச்சில் புகுந்தன. கிழக்கின் பிள்ளைகள் பலர் எழுதிப் படித்த கொப்பி, கிழக்கின் வயலில் விளைந்த தாளிலிருந்து வந்தது. அந்த ஆலையும் பின்னாளில் போராலும் நட்டத்தாலும் நலிந்து, சில ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. மூடிக்கிடந்த காலத்தில் அங்கே வேலைசெய்த பலருக்கும் களப்பும் வயலும் எட்டிய தொலைவில்தான் இருந்தன. ஆனால் சங்கொலிக்கு எழுந்து பழகியவருக்கு நீரைப் படிக்கும் கலை ஒரு நாளில் திரும்பி வருவதில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்ததை இக்கரை மறக்காது. வீட்டோடு தோணியும் வலையும் போயின. அந்தத் துயர் ஆறுமுன்னே, 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் நடந்த போரில் வாகரைப் பகுதி மக்கள் அனைத்தையும் விட்டு இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் தம்மோடு கொண்டுவந்தது கையிலிருந்த தொழிலறிவு ஒன்றே. அது கடல் கொள்ளாதது, சுமக்கவும் வேண்டாதது. ஆனால் தொழிலறிவு மட்டும் இருந்து என்ன செய்வது? தோணி வேண்டும், வலை வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் உதவியாகப் படகுகள் வந்து குவிந்தன. நல்ல மனத்தோடு கொடுத்தவர்களை நான் பழிக்கமாட்டேன். எனினும் சில இடங்களில் அழிந்தவற்றைவிட மிகுதியாகப் படகுகள் வந்ததும், அந்தக் கரையின் அலைக்கும் மணலுக்கும் பொருந்தாத படகுகள் கரையிலேயே கிடந்து வெடித்ததும் பின்னர் ஆராய்ந்தோர் எழுதிய செய்திகள். நூற்றாண்டுக் கணக்காகத் தோணி செலுத்தியவரிடம், ‘உமக்கு எப்படிப்பட்ட தோணி வேண்டும்?’ என்று கேட்கும் வழக்கம் பலரிடம் இல்லாமற்போயிற்று. ரெனன்ற் 1848இல் மீனவரை முன்னே விட்டுத் தாம் பின்னே சென்றார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கின்றேன்.

இன்று அக்கேள்வி வேறு வடிவில் வந்து நிற்கின்றது. அண்மை ஆண்டுகளில் வாகரைப் பகுதியில் பெரிய அளவில் இறால் பண்ணைகள் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, அங்குள்ள மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். வேலைவாய்ப்பு வருகின்றது, ஏன் எதிர்க்கின்றீர்கள் என்று நகரத்தார் கேட்டனர். எதிர்த்தோர் கூறிய காரணம் எளியது. கண்டற்காடு அழியும், பண்ணையின் கழிவு களப்பில் கலக்கும், களப்பை நம்பித் தொழில் செய்வோர் பிழைப்பை இழப்பர் என்றனர். இலங்கையின் வடமேற்குக் கரையில் புத்தளம் பக்கத்தில் 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகள் வேகமாகப் பரவி, பின் நோய் பரவிப் பல பண்ணைகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை அறிந்தவர்க்கு அந்த அச்சம் வியப்பளிக்காது. அதற்காகப் பண்ணை என்றாலே தீது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒரு கணக்கு எழுதப்படுவதில்லை. பண்ணையில் எத்தனை பேருக்குச் சம்பள வேலை என்பது தாளில் இருக்கும். களப்பில் இறங்கி அத்தாங்கு போட்டு அன்றைய கறிக்கு இறால் எடுக்கும் பெண்ணின் வேலை எந்தப் பத்திரத்திலும் இல்லை. முன்னே பனிச்சங்காய் இடித்தவரின் வேலையும் எந்தப் பத்திரத்திலும் இல்லாதிருந்தது போலவே.

சம்பள வேலையை விரும்பும் இளைஞர் அங்கே இல்லையென்று எண்ணிவிடவேண்டாம். மகன் வலையோடு நிற்கவேண்டாம், எழுதுகோல் பிடிக்கட்டும் என்று விரும்பும் தந்தையரே மிகுதி. அவர்கள் வலையை இகழ்பவரல்லர். மீன் விலையைக் கரையில் நின்று தீர்மானிப்பவன் தரகனாயிருக்கும்வரை, ஐஸுக்கும் எரிபொருளுக்கும் முற்பணம் வாங்கியே கடலுக்குப் போகவேண்டியிருக்கும்வரை, பங்கு என்ற சொல்லுக்கு முன்னிருந்த பொருள் இல்லை என்பதை அவர்கள் அறிவர். வலை முடியத் தெரிந்த அதே கை மீன் விலையையும் முடிச்சிட முடியுமானால் அந்தத் தந்தையர் என்ன சொல்வார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல். கூட்டுறவுச் சங்கங்கள் இந்த முயற்சியைச் செய்து சில இடங்களில் வென்றும் பல இடங்களில் தோற்றும் இருக்கின்றன. அது தனியே ஒரு நாள் பேசவேண்டிய பொருள்.

பனிச்சங்கேணிக்குச் செல்பவர்கள் மாலைப் பொழுதில் போவது நல்லது. வெயில் தாழ்ந்தபின் பாலத்தருகே மெல்லிய நைலோன் வலைகளை விரித்துக் கிழிசல் பொத்துவார்கள். கால்விரலில் வலையின் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை ஓட்டி, முடிச்சைப் போட்டு, அடுத்த கண்ணுக்குப் போவார்கள். நூல் மாறிவிட்டது, ஊசி பிளாத்திக்காகிவிட்டது. முடிச்சு மட்டும் பனிச்சங்காய்க் காலத்து முடிச்சே.